கேஸ் மேனேஜர் என்று ஒருவர் எதற்கு? கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் பெற்றோருக்காகக் கேட்டவருக்கு

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. அப்பாவுக்கு 81 வயது, பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, இன்னும் நான்கைந்து நாளில் டிஸ்சார்ஜ். அம்மாவுக்கு 74, சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. வீடு கல்லிடைக்குறிச்சியில். நீங்கள் சிங்கப்பூரில், தங்கை கோயம்புத்தூரில். ஹோம் நர்ஸ் வைப்பது என்று முடிவாகிவிட்டது. ஆள் அனுப்பும் ஏஜென்சி, கேஸ் மேனேஜர் ஒருவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வார், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறது. அவர் என்ன செய்வார், அவசியமா, நாங்களே போனில் பார்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்கிறீர்கள். டாக்டர் இருக்கிறார், பிசியோதெரபிஸ்ட் வருவார், நர்ஸ் கூடவே இருப்பார், அம்மாவும் இருக்கிறார். இத்தனை பேர் இருக்கும்போது நடுவில் இன்னொருவர் எதற்கு என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். நியாயமான சந்தேகம்தான்.

நான் படித்தது நர்சிங். பாளையங்கோட்டையில் வார்டில் வேலை பார்த்தேன். அதன்பிறகு பல வருடமாகத் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம், வீட்டில் இருக்கும் முதியவர்களின் பராமரிப்பை ஒருங்கிணைக்கும் வேலையில் இருக்கிறேன். இத்தனை வீடுகளைப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. பெரியவர்களுக்குக் கெடுதல் பெரும்பாலும் பொறுப்பு கைமாறுகிற இடத்தில்தான் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு, நரம்பு டாக்டரிடமிருந்து சர்க்கரை டாக்டருக்கு, பகல் ஆளிடமிருந்து ராத்திரி ஆளுக்கு, மகளிடமிருந்து மருமகளுக்கு. அவரவர் தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்கள். ஆனால் ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயம் சொல்லப்படாமல் போயிருக்கும். அந்த இடத்தில் நிற்பதுதான் கேஸ் மேனேஜரின் வேலை. ஆள் பிடித்துக் கொடுப்பது அதில் சின்னப் பகுதி.

உங்களுக்கு அடுத்து வரப்போவது டிஸ்சார்ஜ் நாள், அதிலிருந்தே தொடங்குகிறேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் 'இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்' என்பார். பில், இன்சூரன்ஸ் பேப்பர் என்று ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வர மத்தியானம் தாண்டிவிடும். வண்டி வாசலில் நிற்க, ஒருவர் அப்பாவைத் தூக்க, இன்னொருவர் பையை எடுக்க, அந்த நேரத்தில்தான் மாத்திரைகளை விளக்குவார்கள். கல்லிடைக்குறிச்சி வந்து சேரும்போது இருட்டியிருக்கும். ராத்திரிக்கு எந்த மாத்திரை என்று அம்மா பையைக் கொட்டித் தேடுவார்.

இது நடக்காமல் இருக்க, கேஸ் மேனேஜர் இரண்டு நாள் முன்பே வார்டுக்குப் போய்ச் சில விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். யூரின் டியூபோடு அனுப்புகிறார்களா? எந்தத் தேதியில் போட்டது? சாதாரண லேடெக்ஸ் டியூப் என்றால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றியாக வேண்டும், சிலிகான் என்றால் மூன்று மாதம் வரை போகும். தேதி தெரியாமல் வீட்டுக்கு வந்தால் அது உள்ளேயே கிடந்து தொற்றாகிவிடும். அதைவிட முக்கியம், டியூப் இனியும் தேவையா, எடுத்துவிட்டே அனுப்ப முடியாதா என்று கேட்பது. விழுங்குவதைச் சோதித்துப் பார்த்தார்களா? முன்பு சாப்பிட்ட மாத்திரைகளில் எதை நிறுத்தினார்கள், நிரந்தரமாகவா, கொஞ்ச நாளைக்கா? அடுத்து எந்த டாக்டரை எந்தத் தேதியில் பார்க்க வேண்டும்? ராத்திரி ஒரு மணிக்குச் சந்தேகம் வந்தால் எந்த நம்பர்? கட்டில், கமோடு நாற்காலி, படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் ஏர் பெட் எல்லாம் அப்பா வருவதற்கு முந்தின நாளே வீட்டில் இருக்க வேண்டும். நீங்கள் கட்டணம் கொடுக்கத் தயாராக இருந்தால், முதலில் ஏஜென்சியிடம் 'உங்க ஆள் டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வருவாரா?' என்று கேளுங்கள். வரமாட்டார் என்றால் அவருடைய வேலையில் பாதி அப்போதே போய்விட்டது.

அப்புறம் மாத்திரை. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் கொட்டி, அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒவ்வொன்றாகப் படிப்பதுதான் நான் ஒரு வீட்டில் செய்யும் முதல் வேலை. இரட்டிப்பு அடிக்கடி கிடைக்கும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், நம் பக்கத்துக் கிராமங்களில் அதை நம்பி இருப்பவர்கள் நிறைய. ஆனால் அதில் வரும் மெட்ஃபார்மினும், தனியார் டாக்டர் எழுதிய கிளிமெபிரைடு-மெட்ஃபார்மின் சேர்ந்த மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கும். நிறம் வேறு, பெயர் வேறு என்பதால் இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். அப்பாவைக் கவனிக்கும் அலைச்சலில் உங்கள் அம்மா ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், கிளிமெபிரைடு போன்ற மாத்திரையால் சர்க்கரை சட்டென்று கீழே போகும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், சில நேரம் மயக்கம். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை இன்னொன்று. பிரஷர் மாத்திரையோடு அதையும் நாள்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

நம் ஊரில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் பகுதி இது. சூரணமும் லேகியமும் இல்லாத வீடு குறைவு. அதைச் சாப்பிடுவதில் எனக்கு மறுப்பில்லை. மறைப்பதில்தான் ஆபத்து. 'டாக்டர்ட்ட சொன்னா வைவாவ' என்று ஆச்சிகள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் வேறு என்ன சாப்பிடுகிறார் என்பது டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, டாக்டரிடம் காட்டி, வேண்டாததை அவர் கையாலேயே அடித்து வாங்கி, அந்த ஒரு தாளை மட்டும் வீட்டில் ஒட்ட வேண்டும். பழைய சீட்டுகளைத் தனியாகக் கட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். கேஸ் மேனேஜர் தானாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தவோ கூட்டவோ கூடாது. 'இது எனக்குத் தெரியும், விட்ருங்க' என்று ஒருவர் சொன்னால், அவரை அந்த வேலையில் வைத்திருக்காதீர்கள்.

வீட்டைப் பார்ப்பது அடுத்தது. உங்கள் வீடு பழைய தெருவில் இருக்கும் நீளமான வீடா, புதிதாகக் கட்டியதா என்று நீங்கள் எழுதவில்லை. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகள் என்றால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று நீண்டு, கக்கூஸ் புறவாசலில் இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படி. ஒரு பக்கம் விழுந்த மனிதர் ராத்திரி எழுந்து இத்தனை படியைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் போக முயல்வார். ஆளை எழுப்பக் கூச்சப்படுவார். விழுவது பெரும்பாலும் அப்படித்தான். கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் கமோடு நாற்காலி வைத்து, இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கை எரியவிட்டு, கை எட்டும் இடத்தில் ஒரு மணி வைத்தாலே ஆபத்து பெருமளவு குறையும். அம்மாவுக்கும் ஒரு எளிய சோதனை செய்து பார்க்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 நொடிக்கு மேல் ஆனால் அவரும் விழக்கூடியவர் என்று வைத்துக்கொண்டு, குளியலறையில் கைப்பிடி போட்டுவிட வேண்டும்.

பக்கவாதத்தில் வீட்டு ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு. ஒருவர் சரியாகச் செய்து இன்னொருவர் தவறவிட்டால் பலனில்லை. விழுங்குவதில் சிரமம் இருந்தால் கெட்டியான சாப்பாட்டைவிடத் தண்ணீரும் காபியும் கஞ்சித் தண்ணியும்தான் அதிகம் புரையேறும். படுத்தபடி ஊட்டவே கூடாது. நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுத்து, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார்த்தியே வைத்திருக்க வேண்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பாசத்தில் ஒரு டம்ளர் காபியைப் படுக்கையிலேயே புகட்டுவதுண்டு, அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகலாம். தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவி வலி நிரந்தரமாகிவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று புரட்டாமல் விடக் கூடாது. குதிகாலையும் வால் எலும்பு இருக்கும் இடத்தையும் தினமும் பார்க்க வேண்டும். சிவந்து, விரலால் அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் கேஸ் மேனேஜர் தன் கையால் செய்வதில்லை. செய்பவர்களுக்குக் காட்டிக்கொடுத்து, ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதவைத்து, சொல்லாமல் ஒரு நாள் வந்து அந்த நோட்டையும் அப்பாவின் முதுகையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர் வேலை. எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் டிக் இருந்தால், அது ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிடும்.

ஆள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹோம் நர்ஸ் என்று அனுப்பப்படுகிறவர்களில் பலர் நர்சிங் படித்தவர்கள் இல்லை. சில வாரம் பயிற்சி எடுத்தவர்கள், அல்லது வேலை பார்த்தே கற்றுக்கொண்டவர்கள். குளிப்பாட்ட, ஊட்ட, புரட்ட, நடத்த அவர்கள் போதும், பலர் மிக நன்றாகச் செய்வார்கள். ஊசி, மூக்குக் குழாய், டியூப் மாற்றுவது என்று வந்தால் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த செவிலியர்தான் வர வேண்டும். உங்கள் அப்பாவுக்கு எந்த வேலைக்கு யார் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். என்னோடு வேலை செய்யும் பெண்களில் பலர் முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்கள். வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து 24 மணி நேரமும் இன்னொரு வீட்டில் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து புரட்டும் ஒருவருக்குப் பகலில் தொடர்ச்சியாகத் தூக்கம் வேண்டும், வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும். அதைக் கொடுக்காத வீட்டில் ஆள் நிற்பதில்லை. ஆள் மாறும்போதெல்லாம் அப்பாவைப் பற்றித் தெரிந்தது எல்லாம் அவரோடு வெளியே போய்விடுகிறது.

இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது, மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ஆள் கேட்டுப் போன் செய்யும் சில வீடுகளில் முதல் கேள்வியே 'அவங்க என்ன ஆளுக?' என்றுதான் வருகிறது. தனித் தட்டு, தனி டம்ளர், அடுக்களைக்குள் வரக் கூடாது என்றும் சொல்கிறார்கள். அப்பாவின் மலத்தைத் துடைக்கும் கை அடுக்களையில் தண்ணீர் மோந்து குடிக்கக் கூடாது என்றால், அந்த வீட்டுக்கு நான் ஆள் அனுப்புவதில்லை. முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். உங்கள் வீட்டில் அப்படி இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்துபோகும் அத்தையோ சித்தியோ என்ன சொல்கிறார்கள் என்பது உங்கள் காதுக்கு வராது. ஒரு ஆள் காரணம் சொல்லாமல் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டால், சம்பளம் பற்றாமல் போனார் என்று முடிவுகட்ட வேண்டாம், அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். கேஸ் மேனேஜர் வைத்திருந்தால் அவர் கேட்டு, உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்பாவைவிட அவரைப் பற்றித்தான் அதிகக் கவலை. அப்பாவின் மேல் எல்லோருடைய கண்ணும் இருக்கும். அம்மா தூங்கினாரா, தன் மாத்திரையைப் போட்டாரா, வேளைக்குச் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் 'எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்' என்பார். துணையைப் பார்த்துக்கொள்ளும் மனைவி அல்லது கணவர் முதலில் படுக்கையில் விழும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வீட்டில் பராமரிப்பு இரண்டு பேருக்கு என்று கணக்கிட்டே திட்டம் எழுத வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அம்மா கோயிலுக்கோ பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்கோ போய்வரும்படி ஒரு ஏற்பாடும் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

அப்பாவிடமும் கேட்க வேண்டும். வலது பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சும் போவது சகஜம். மூளையின் இடது பக்கம் பாதிக்கப்படுவதால் அப்படி. பேச முடியாத பலருக்கு நாம் சொல்வது புரியும். ஆனால் பேச்சு வரவில்லை என்றதும், அவர் எதிரிலேயே அவரைப் பற்றி, அவர் இல்லாதது மாதிரி பேசத் தொடங்கிவிடுவார்கள். யார் குளிப்பாட்டுவது, சவரம் எப்போது, கட்டில் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், யார் வந்தால் பார்க்க விருப்பமில்லை, இதற்கெல்லாம் 'ஆமாம், இல்லை' என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி ஒவ்வொன்றாகக் கேட்கலாம். பெண் ஆள் குளிப்பாட்டுவதில் அவருக்குச் சம்மதமா என்பதையும் கேட்க வேண்டும். ஊட்டும் கையைத் தட்டிவிடுகிறார், கோபப்படுகிறார் என்று புகார் வரும் பல வீடுகளில், யாரும் கேட்காத ஒரு கேள்விதான் பின்னால் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வும் நிறையப் பேருக்கு வரும், அதற்கு மருந்து உண்டு. அழுகிறார், சாப்பிட மறுக்கிறார் என்றால் வயசாகிவிட்டது என்று விடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால், அது அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். சிறுநீர்த் தொற்றோ, உடம்பில் உப்பு குறைந்ததோ, சர்க்கரையோ காரணமாக இருக்கலாம், இன்னொரு பக்கவாதமாகவும் இருக்கலாம்.

உங்களுக்கும் தங்கைக்கும் இடையில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவ முடிவை யார் சொல்வது? வாட்ஸ்அப் குழுவில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால், வீட்டில் இருப்பவர் எதையும் செய்யாமல் நிற்பார். அப்பாவால் முடிந்தவரை அவர், அடுத்து அம்மா, அவர் திணறினால் உங்களில் ஒருவர் என்று எழுதி வையுங்கள். ரொம்ப முடியாமல் போனால் ஐசியு, வென்டிலேட்டர் வேண்டுமா என்பதையும் அப்பாவால் தலையசைக்க முடிகிற இப்போதே மெதுவாகக் கேட்டுவைப்பது நல்லது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது, 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. நோட்டரி அல்லது கெசடட் அதிகாரி முன்னிலையில் எழுதலாம். கேட்கவே கஷ்டமாக இருக்கும் இன்னொன்றும் உண்டு. வீட்டிலேயே உயிர் போனால், வந்து பார்த்துச் சான்று எழுதித் தரும் டாக்டர் யார் என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் துக்கத்தின் நடுவில் குடும்பம் அலைய நேரும். இறப்பை 21 நாளுக்குள் உள்ளாட்சியில் பதிய வேண்டும், அதற்கும் அந்தச் சான்று வேண்டும்.

அவசரத்துக்கு 108 இருக்கிறது, பக்கத்தில் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை, பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணி கரை மீறி, ரோடு துண்டாகி, கரண்டும் போன் சிக்னலும் போனபோது, சிங்கப்பூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஒன்றும் செய்ய முடியாத நிலை. அதன்பிறகு நான் எழுதும் ஒவ்வொரு திட்டத்திலும், ஐப்பசி பிறக்கும் முன் சரிபார்க்க என்று ஒரு பக்கம் இருக்கும். பத்து நாள் மாத்திரை கையிருப்பு, கரண்டு இல்லாதபோது இன்சுலினை ஈரமான மண்பானையில் எப்படி வைப்பது, நடந்தே வந்து தூக்க உதவக்கூடிய தெருக்காரர்கள் யார் யார், இது எல்லாம் அதில் இருக்கும். உங்கள் வீடு ஆற்றை ஒட்டிய தெருவில் என்றால் கட்டிலை எங்கே மாற்றுவது என்பதும் சேரும்.

இனி, நான் உறுதி சொல்ல முடியாத பகுதி. கேஸ் மேனேஜர் இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவு குறையும் என்று ஏஜென்சி சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1980களில் சேனலிங் என்ற பெயரில் 10 இடங்களில் அரசே இதைப் பெரிய அளவில் சோதித்தது. மொத்தச் செலவு குறையவில்லை, கூடியது. கவனிக்கப்படாமல் கிடந்த தேவைகள் குறைந்தன. பெரியவர்களுக்கும் குடும்பத்துக்கும் நிம்மதி கூடியது. என் அனுபவமும் அதேதான். பணம் மிச்சமாகும் என்று சொல்ல மாட்டேன், தவிர்க்கக்கூடிய சில கெடுதல்கள் தவிரும் என்று சொல்வேன். அப்பாவின் கை கால் எவ்வளவு திரும்பும் என்பதையும் கேஸ் மேனேஜர் சொல்லக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதனால் பிசியோதெரபியை அப்போது தவறவிடக் கூடாது என்பது பொதுவாகத் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட மனிதர் எதுவரை வருவார் என்பதை நரம்பு டாக்டரே காத்திருந்து பார்த்துத்தான் சொல்வார். 'ஆறு வாரத்துல நடக்க வெச்சிருவோம்' என்பவர் வியாபாரம் பேசுகிறார்.

இந்த வேலைக்கு இந்தியாவில் தனி உரிமம் எதுவும் இல்லை, யாரும் இந்தப் பெயரில் அட்டை அடித்துக்கொள்ளலாம். ஜப்பானில் 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியபோதே கேர் மேனேஜர் என்பதைத் தேர்வெழுதி வரும் வேலையாக ஆக்கினார்கள். ஒருவருக்குச் சுமார் 35 பேர் என்பதும், மாதம் ஒரு தடவையாவது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அங்கே நெடுநாள் அளவுகோலாக இருந்தன. அதை வைத்து உங்கள் ஏஜென்சியைக் கேளுங்கள். இவர் என்ன படித்தவர்? கையில் எத்தனை வீடு? நேரில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருவார்? நூற்றுக்கு மேல் வீடுகளைப் போனிலேயே பார்க்கிறார் என்றால், நீங்கள் சிங்கப்பூரிலிருந்து செய்வதைவிட அவர் அதிகம் எதுவும் செய்யப்போவதில்லை. இன்னொரு சிக்கல், ஆள் அனுப்பும் ஏஜென்சியே கேஸ் மேனேஜரையும் தருகிறது. தன் ஆளின் குறையை அவர் உங்களிடம் சொல்வாரா? சொல்பவர்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஏற்பாட்டில் அந்த முரண் இருக்கிறது. முடிந்தால் வெளியாளாக ஒருவரை, ஓய்வுபெற்ற ஒரு ஸ்டாஃப் நர்ஸையோ மருத்துவ சமூகப் பணியாளரையோ, தனியாகப் பேசி அமர்த்துங்கள். யாராக இருந்தாலும் ஏடிஎம் கார்டு, நகை, பத்திரம் எதையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். அப்பா பென்ஷன்காரர் என்றால் உயிர்ச்சான்றுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லி ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்றை எடுக்கலாம்.

நாங்களே செய்ய முடியாதா என்ற கேள்விக்கு: முடியும், ஒருவர் முதல் ஆறு வாரம் நேரில் இருந்தால். தங்கை விடுப்பு எடுத்து வர முடிந்தால், மேலே எழுதிய டிஸ்சார்ஜ் கேள்விகள், ஒற்றை மாத்திரைத் தாள், நோட்டு மூன்றையும் அவரே நடத்தலாம். பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் அப்பா பெயரைப் பதிந்தால், அதில் பிசியோதெரபிக்கும், வலியையும் அவதியையும் குறைக்கப் பார்க்கும் நோய்த்தணிப்புச் செவிலியருக்கும் வழி இருக்கிறது. யாராலும் வர முடியாது என்றால், முதல் மூன்று மாதத்துக்காவது ஒருவரை அமர்த்துங்கள் என்றுதான் நான் சொல்வேன். கைமாறும் இடங்கள் அந்த மூன்று மாதத்தில்தான் அதிகம். அதற்குப் பிறகு அப்பாவின் நிலை ஓரளவு நிலைத்து, ஆளும் பழகி, அம்மாவும் நோட்டைப் படிக்கத் தெரிந்துகொண்டிருப்பார். மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பது போதும் என்று அப்போது குறைத்துக்கொள்ளலாம். கட்டணத்தையும் அப்படியே பேசுங்கள், ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள்.